மோர், ஆப்ப சோடா, பிசையாத மாவு: ஐரிஷ் சோடா பிரெட் சுட்ட குறிப்புகள்

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் பால் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் அட்டைப்பெட்டிகளில் மோர் அடுக்கியிருக்கும். நம் ஊர்க்காரர் பார்த்தால் உப்பும் பெருங்காயமும் கறிவேப்பிலையும்தான் நினைவுக்கு வரும். இங்கே மோரைக் குடிக்க வாங்குகிறவர்கள் குறைவு. வாங்குகிறவரின் கூடையை எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் கூடவே ஒரு மாவுப் பையும் கிடக்கும். சோடா பிரெட் சுடத்தான் இந்த மோர்.

மாவு, உப்பு, ஆப்ப சோடா, மோர். பழைய ஐரிஷ் சோடா பிரெட்டில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஈஸ்ட் கிடையாது, மாவு பொங்கட்டும் என்று காத்திருப்பது கிடையாது, பிசைவது அறவே கிடையாது. மாவை அளக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் பிரெட் வெளியே வந்துவிடும். பொருள்கள் இவ்வளவு குறைவாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டால் அதன் விளைவு அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அப்படி மாவை, மோரை, சோடாவை, பாத்திரத்தைத் தனித்தனியே மாற்றிப் பார்த்தபோது எழுதி வைத்தவைதான் இவை.

அடிப்படையாக நான் எடுத்துக்கொண்டது டரினா ஆலன் சொல்லித்தரும் அளவு. கிழக்கு கார்க்கில் ஷானகாரி என்ற ஊரில் 1983-இல் பாலிமலூ சமையல் பள்ளியைத் தொடங்கியவர் அவர். வெள்ளை மாவு 450 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உப்பு, தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சோடா, மோர் 350 முதல் 400 மில்லி. அவன் (oven) 230 டிகிரியில் முதல் 15 நிமிடம், பிறகு 200-க்கு இறக்கி இன்னொரு 30 நிமிடம். ஃபேன் ஓடும் அவனாக இருந்தால் இரண்டிலும் 20 டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் மாவு. இங்கே கடையில் இரண்டு வகை வெள்ளை மாவு பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்று ‘கிரீம் ஃப்ளவர்’, இன்னொன்று ‘ஸ்ட்ராங் ஃப்ளவர்’. பெயரைப் பார்த்து இரண்டாவதுதான் பிரெட்டுக்கு என்று நினைக்கத் தோன்றும். ஈஸ்ட் பிரெட்டுக்கு அது சரி. சோடா பிரெட்டுக்கு கிரீம் ஃப்ளவர்தான் வேண்டும். அயர்லாந்தின் ஈரமான, குளிர்ந்த வானிலையில் நன்றாக விளைவது மென்மையான கோதுமை. அதில் புரதம் குறைவு, அதனால் மாவு இழுவையாகாது. ஈஸ்ட் மெதுவாக, மணிக்கணக்கில் வாயுவை விடும். அதைப் பிடித்து வைக்க வலுவான இழுவை தேவை. சோடாவோ மோர் பட்ட உடனே பொங்கி முடித்துவிடும். அந்த அவசரத்துக்கு மென்மையான மாவுதான் ஈடுகொடுக்கும். ஸ்ட்ராங் ஃப்ளவரில் சுட்டுப் பார்த்தேன். உள்ளே ரப்பர் மாதிரி இழுத்தது, மேலே பாறையாக ஓடு கட்டியது. இந்த நாட்டு வயல்களுக்கு ஏற்ற பிரெட் இது என்பது அப்போது வாயிலேயே புரிந்தது. நம் ஊர் மைதா கிரீம் ஃப்ளவருக்கு ரொம்பவே நெருக்கம். சப்பாத்தி ஆட்டா அப்படி இல்லை. அது நைசாக அரைத்தது, தண்ணீரை நிறைய இழுத்துக்கொள்ளும், பிரெட் கனத்துப் போகும்.

அடுத்தது மோர். முன்பெல்லாம் வெண்ணெய் கடைந்தபின் மிஞ்சும் மோரைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். கார்க் நகரத்துக்கும் வெண்ணெய்க்கும் உள்ள உறவு சாதாரணமானது அல்ல. ஷாண்டன் பகுதியில் 1770-இல் தொடங்கி 1924 வரை நடந்த வெண்ணெய்ச் சந்தை, 19-ஆம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரியது என்று பேரெடுத்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வெண்ணெய் பீப்பாய் பீப்பாயாக வந்து கப்பல் ஏறியது. விவசாயி வீட்டில் வெண்ணெய் விற்பனைக்கு, குத்தகைப் பணம் கட்டுவதற்கு. வீட்டில் மிஞ்சியது புளித்த மோர். அதைக் குடித்தார்கள், பன்றிக்கு ஊற்றினார்கள், சோடா வந்தபிறகு அதில் பிரெட் சுட்டார்கள். இன்றைக்கும் ஷாண்டனில் வெண்ணெய் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, கார்க் பக்கம் வந்தால் ஒரு நடை போய் வரலாம்.

இப்போது கடையில் கிடைக்கும் மோர் பெரும்பாலும் கொழுப்பு எடுத்த பாலில் உறை ஊற்றிச் செய்வது. நம் மோரைவிடக் கெட்டியாக, தயிருக்கும் மோருக்கும் நடுவில் இருக்கும். மேயோ கவுண்டியிலிருந்து வரும் கின்யோக் போன்ற சிலர் இன்னும் கடைந்து எடுத்த மோரை விற்கிறார்கள். அது நீர்த்தது, புளிப்பு கூர்மையாக இருக்கும். இரண்டிலும் சுட்டேன். கடைந்த மோரில் சுட்டதற்கு மணம் கூடுதல், ஆனால் அளவை 30, 40 மில்லி குறைக்க வேண்டியிருந்தது. தேதி முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும் மோர் புதிய மோரைவிட நல்லது, புளிப்பு கொஞ்சம் கூடியிருக்கும். பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தும் செய்யலாம். பிரெட் பொங்கும், வேகும், குறை சொல்ல முடியாது. ஆனால் சுவை வெறுமையாக இருக்கும். மோர் தரும் அந்த மங்கலான புளிப்பு எலுமிச்சையில் வருவதில்லை. கெட்டித் தயிர் மூன்று பங்கும் பால் ஒரு பங்கும் அடித்துக் கலந்தால் அதைவிட நன்றாக வருகிறது. நீர்மோர் மட்டும் வேண்டாம். தண்ணீர் சேரச் சேரப் புளிப்பு குறைகிறது. சோடாவை அடக்க ஆள் இல்லாமல் பிரெட்டில் சோப்பு வாடை வந்துவிடும்.

சோடா விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அம்மாவிடம் போனில் செய்முறை சொன்னபோது, “ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவா? வயிறு என்னத்துக்குடா ஆகும்?” என்றாள். நியாயமான கேள்வி. நம் வீடுகளில் ஆப்பத்துக்கும் கொண்டைக்கடலைக்கும் ஒரு சிட்டிகை போடவே யோசிப்போம். ஆனால் இங்கே சோடா சோடாவாக வயிற்றுக்குள் போவதில்லை. மோரில் உள்ள லாக்டிக் அமிலத்தோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஒரு உப்பாகவும் மாறிவிடுகிறது. ஒரு கிராம் சோடாவை அடக்க ஏறக்குறைய ஒரு கிராம் லாக்டிக் அமிலம் தேவை. தலைதட்டிய டீஸ்பூனில் சுமார் 5 கிராம் சோடா. ஒரு லிட்டர் மோரில் சுமார் 8, 9 கிராம் லாக்டிக் அமிலம் என்று வைத்தால், 400 மில்லியில் மூன்றரை கிராம் அளவுக்குத்தான் வரும். அப்படியானால் மீதி சோடா? மாவுக்கும் மோரில் உள்ள புரதத்துக்கும் கொஞ்சம் போகும். இன்னும் கொஞ்சம் அவன் சூட்டில் தானாகவே சிதைந்து வாயுவை விடும். கடைசியில் ஒரு துளி காரத்தன்மை மிஞ்சத்தான் செய்கிறது. மேல் ஓடு அழகாகப் பழுப்பேறுவதற்கும், ‘இது சோடா பிரெட்தான்’ என்று நாக்கு கண்டுபிடிப்பதற்கும் அந்த மிச்சம்தான் காரணம்.

அதனால் ஸ்பூனைக் குவித்து அள்ளுவதற்கு இதில் இடம் இல்லை. ஒன்றரை டீஸ்பூன் போட்டுப் பார்த்தபோது உள்பக்கம் லேசாக மஞ்சள் தட்டியது, பின்நாக்கில் கசப்பு நின்றது. முக்கால் டீஸ்பூனில் பிரெட் வெளுப்பாக, சற்றே தாழ்ந்து, ஆனால் சுவையாகவே வந்தது. இரண்டில் ஒன்று என்றால் குறைவாகப் போடுவதே மேல். சோடாவில் கட்டி இருந்தால் அங்கங்கே பழுப்புப் புள்ளியாகக் கசக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, மாவோடு சல்லடையில் சலித்துவிடுவேன். இதில் மட்டும் சோம்பல்படக் கூடாது. 5 கிராம் சோடா முழுவதும் வேலை செய்தால் ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான வாயு வரும். மோரை ஊற்றிய கணத்திலேயே அது கிளம்பிவிடுகிறது. அதனால் அவன் முழுச் சூட்டுக்கு வந்தபிறகுதான் மோர்ப்பெட்டியைத் திறப்பது.

இனி கை. அகலமான பாத்திரத்தில் சலித்த மாவு, நடுவில் பள்ளம், அதில் மோரை ஏறக்குறைய முழுவதும் ஒரே தடவையில் ஊற்றிவிட வேண்டும். ஒரு கை சுத்தமாக இருக்கட்டும், மற்றொரு கையின் விரல்களை விரைப்பாக விரித்து, நடுவிலிருந்து தொடங்கி வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும்படி சுற்ற வேண்டும். பாத்திரத்தின் ஓரத்தைத் தொடும்போது மாவு சேர்ந்திருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது. பதம் மெதுவடை மாவு மாதிரி, கையில் ஒட்டும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைக்கு இதுதான் கஷ்டம். ‘இன்னும் கொஞ்சம் மாவு தூவி, நாலு தேய் தேய்த்தால் வழவழப்பாகிவிடுமே’ என்று விரல்கள் அரிக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா ஒருநாள் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “அதைத் தொடாதே, தூக்கி அடுப்பில் போடு” என்றார். அறுபது வருடமாகச் சுடுகிறவர், தராசே வைத்திருக்கவில்லை.

அவர் சொன்னதற்கு ஏறக்குறைய 190 வருடப் பழைய சாட்சி இருக்கிறது. 1836-இல் லண்டனிலிருந்து வந்த விவசாய இதழ் ஒன்று, வட அயர்லாந்தின் நியூரி ஊர்ப் பத்திரிகையிலிருந்து சோடா பிரெட் செய்முறையை எடுத்துப் போட்டிருக்கிறது. ஒன்றரை பவுண்டு கோதுமை மாவு, இரண்டு டீஸ்பூன் உப்பு, பெரிய டீஸ்பூன் நிறைய சோடா, நன்றாகப் புளித்த மோர். சோடாவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்து மாவில் கலக்கச் சொல்கிறார் அந்த எழுத்தாளர். மாவு கையாள முடிகிற அளவுக்கு எவ்வளவு தளர்வாக இருக்குமோ அவ்வளவும் நல்லது என்கிறார். ஒரு அங்குலக் கனத்தில் தட்டி, தட்டையான இரும்புப் பாத்திரத்தில் வைத்து மூடி, கீழே மிதமான சூடு கொடுத்து, இருபது நிமிடம் கழித்து மூடியின் மேல் கங்குகளைப் பரப்ப வேண்டுமாம். வயிற்றுக்கு நல்லது, செரிமானத்துக்கு நல்லது என்ற விளம்பரமும் சேர்ந்தே வருகிறது. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன், அவ்வளவாக நம்பவில்லை.

அந்தக் காலத்துக் குடிசைகளில் பெட்டி அவன் கிடையாது. அடுப்பங்கரையில் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த புல்கரி எரியும், அதன்மேல் இரும்புக் கொக்கியில் பாஸ்டிபிள் தொங்கும். தட்டையான அடியும் கனமான மூடியும் கொண்ட வார்ப்பிரும்புப் பாத்திரம் அது. கில்லார்னி அருகே முக்ரஸ் பழம்பண்ணை வீடுகளில் அந்த அமைப்பை இன்றும் பார்க்கலாம். வாடகை வீட்டில் புல்கரி மூட்ட முடியாது. அதற்குப் பதிலாக வார்ப்பிரும்புப் பாத்திரத்தை மூடியோடு அவனில் அரைமணி நேரம் காயவைத்து, அதற்குள் மாவை இறக்கி, மூடி போட்டு 30 நிமிடமும் மூடி எடுத்து 10 நிமிடமும் சுட்டேன். ஆவி உள்ளேயே நின்றதால் மேல் ஓடு சீக்கிரம் இறுகவில்லை. பிரெட் நன்றாக எழும்பியது, ஓடு மெல்லிசாக இருந்தது. தட்டில் வைத்துச் சுடுவதைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. கொதிக்கும் பாத்திரத்துக்குள் ஒட்டும் மாவை இறக்குவது சர்க்கஸ்தான். பேக்கிங் தாளில் மாவை வைத்துத் தாளோடு தூக்கி இறக்கினால் கை சுடாது.

தட்டில் சுடுவதானால் மாவைப் பலகையில் கவிழ்த்து, ஓரங்களை மட்டும் லேசாக ஒதுக்கி, நாலு சென்டிமீட்டர் உயரத்தில் வட்டமாக்க வேண்டும். மாவு தூவிய கத்தியால் ஓரம் முதல் ஓரம்வரை ஆழமாகச் சிலுவை கீற வேண்டும். அழகுக்காக மேலோட்டமாகக் கீறினால் பயனில்லை. அந்த வெட்டு விரிவதால்தான் தடித்த நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர்கிறது. ஆழமாகக் கீறியதும் லேசாகக் கீறியதுமாக இரண்டு பிரெட்டை ஒரே நேரத்தில் சுட்டபோது, லேசாகக் கீறியது பக்கவாட்டில் தன்னிஷ்டத்துக்கு வெடித்தது, நடுவில் பிசுபிசுப்பு மிஞ்சியது. பிறகு நாலு கால் பகுதிகளிலும் கத்தி முனையால் ஒரு குத்து. உள்ளே இருக்கும் தேவதைகள் வெளியேறுவதற்காம். விடாவிட்டால் பிரெட்டுக்குக் கண்பட்ட கதிதான் என்று இங்கே சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் குத்திவிடுகிறேன், எதற்கு வம்பு?

வெந்ததா என்று பார்க்க, பிரெட்டைத் திருப்பி அடியில் விரலால் தட்ட வேண்டும். வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போல் சத்தம் வந்தால் சரி. மந்தமாக ‘தொப்’ என்றால் தலைகீழாகவே இன்னும் ஐந்து நிமிடம் வைக்கலாம். மேல் ஓடு மெத்தென்று வேண்டுமானால் சூடாக இருக்கும்போதே பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். மொறுமொறுப்பு வேண்டுமானால் கம்பித் தட்டில் திறந்தபடி ஆறட்டும்.

இதுவரை சொன்னது அயர்லாந்தின் தெற்குப் பாணி. வடக்கே அல்ஸ்டரில் அவனே இல்லாமல், தட்டையான இரும்புக் கல்லில் சுடுகிறார்கள். வட்டத்தை நாலாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு ஃபார்ல். இதைச் செய்யும்போது எனக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை, ஊரிலிருந்து பெட்டியில் வந்த இரும்புத் தோசைக்கல் போதும். எண்ணெய் வேண்டாம். கல் காய்ந்ததும் ஒரு சிட்டிகை மாவைத் தூவ வேண்டும். மெதுவாகப் பொன்னிறமானால் சூடு சரி, உடனே கருகினால் அடுப்பைக் குறைக்க வேண்டும். மாவை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் தட்டி, நாலாக வெட்டி, துண்டுகளுக்கு இடையில் கொஞ்சம் இடம்விட்டுக் கல்லில் போட்டேன். சிறு தீயில் ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு நிமிடம். திருப்பி அதே நேரம். தோசை ஊற்றுகிற அவசரத்தில் தீயைக் கூட்டினால் வெளியே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். கடைசியில் ஒவ்வொரு துண்டையும் வெட்டிய பக்கம் கல்லில் படும்படி நிமிர்த்தி நிறுத்தி, ஓரங்களை உலர்த்த வேண்டும். வெண்ணிற ஓரம் ஈரம் போய் மங்கலாகும்போது எடுத்துவிடலாம். அல்ஸ்டர் காலைச் சாப்பாட்டில் இதைக் குறுக்கே பிளந்து, பன்றிக் கொழுப்பில் முட்டையோடு வறுத்துச் சாப்பிடுகிறார்கள். நான் வெண்ணெயில் வறுத்தேன். இந்தக் குறிப்புகளில் உள்ளவற்றில் எது ருசி என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன்.

பழுப்பு வகைக்கு வெள்ளை மாவில் பாதியை எடுத்துவிட்டு, கொரகொரப்பாக அரைத்த முழுக்கோதுமை மாவைச் சேர்க்க வேண்டும். கார்க் மாவட்டத்திலேயே மக்ரூமில் கல்லில் அரைக்கும் பழைய ஆலை இருக்கிறது, அங்கிருந்து வரும் மாவில் தவிடு தனியாகக் கண்ணுக்குத் தெரியும். மோர் 40, 50 மில்லி கூட இழுக்கும். ஊரில் செய்பவர்கள் ஆட்டாவைவிட, கடையில் கிடைக்கும் கோதுமை ரவையில் நைசான வகையையும் மைதாவையும் பாதிப் பாதி கலந்து பார்க்கலாம்.

திராட்சை, முட்டை, வெண்ணெய், சீரகம் மாதிரி இருக்கும் கேரவே விதை எல்லாம் சேர்த்து ‘ஐரிஷ் சோடா பிரெட்’ என்று செய்முறைகள் ஏராளம். கேரவே அமெரிக்கா போனவர்களிடம் பரவலானது. திராட்சை போட்டது இங்கேயும் உண்டு, அதற்கு ‘புள்ளி நாய்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். தேநீரோடு நன்றாக இருக்கும், சூப்போடு சேராது. சர்க்கரை போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அயர்லாந்தின் 1972 வாட் சட்டப்படி, பிரெட்டில் சர்க்கரை மாவின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் அது வரி இல்லாத அத்தியாவசிய பிரெட் என்ற கணக்கில் வராமல் இருந்தது. சப்வே சாண்ட்விச் கடைகளின் ரொட்டியில் 10 சதவீதம் இருந்ததால் அது அந்தக் கணக்கில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. நம் 450 கிராம் மாவுக்கு அந்த எல்லை 9 கிராம், ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன்.

சுட்ட அன்றே சாப்பிட்டுவிட வேண்டிய பிரெட் இது. முழுதாக ஆறுவதற்குள் வெட்டினால் உள்ளே பிசுபிசுத்து நொறுங்கும், அரைமணி நேரமாவது பொறுத்தால் துண்டு ஒழுங்காக வரும். உப்பு வெண்ணெய் கனமாகப் பூச வேண்டும், மெல்லிசாகத் தடவுவதில் அர்த்தமில்லை. கொழுப்பே இல்லாமல் சுட்டதால் மறுநாள் உலர்ந்துவிடும், அப்போது டோஸ்ட் போடலாம். மூன்றாம் நாள் மிஞ்சிய பழுப்புத் துண்டுகளை உதிர்த்து, சர்க்கரையோடு அவனில் கருகாமல் வறுத்து வெனிலா ஐஸ்கிரீமில் கலக்கிவிடுகிறேன். ஐஸ்கிரீமுக்கு உதிர்க்கும்போது மேல் ஓட்டைக் கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் கல்லாக மாட்டும்.